விடிய விடிய இயக்கும் வாத்தியார்

சித்திரை பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை நாளிதழ்களின் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஒரு படம் திரும்பத் திரும்ப வரும். ஊருக்கு வெளியே திடலில் களிமண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன். சுற்றிலும் கூட்டம். கதாயுதத்தோடு பீமன் வேடக்காரர். துரியோதனன் படுகளம், திரளான பக்தர்கள் பங்கேற்பு என்று கீழே ஒரு வரி. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின் கடைசிக் காலையில் நடக்கும் சடங்கு அது. எந்த ஊர்க் கோயில், எத்தனை கிராமத்தார் கூடினார்கள், யார் தலைமை தாங்கினார்கள், யார் அன்னதானம் போட்டார்கள் என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். அந்தக் காலைவரை இரவு இரவாக மகாபாரதக் கதையைக் கூத்தாக நடத்திக் காட்டியவர் யார் என்பது மட்டும் இருக்காது.

அவர்தான் கூத்து வாத்தியார். எந்த இரவில் எந்தக் கூத்து, யாருக்கு எந்த வேடம், எந்தப் பாட்டை நீட்டலாம், எதை விட்டுவிடலாம், எத்தனை மணிக்குப் போர் முடிய வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். பாட்டு சொல்லிக்கொடுப்பதும் அவர், விடிந்ததும் பணத்தைப் பிரித்துக்கொடுப்பதும் அவர். நாடக இயக்குநர் ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்றால் நம் கண் உடனே சென்னைக்கோ டெல்லிக்கோ போகிறது. நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இதே வேலையைச் செய்கிறவர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாத்தியார் செய்வது முழுமையான இயக்குநர் தொழில். அதற்கென்று பயிற்சி இருக்கிறது, படிகள் இருக்கின்றன, கடனும் கணக்கும் இருக்கின்றன. அதை அப்படியே பார்த்தால்தான் இன்று அந்தத் தொழிலுக்கு என்ன நேர்கிறது என்பதும் புரியும்.

தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. கூத்துக்கு இந்த எல்லைகள் எல்லாம் நேற்று வந்தவை. கிழக்கே திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்து வடக்கத்திக் கூத்து, மேற்கே சேலம் வட்டாரத்துக் கூத்து, இரண்டுக்கும் நடுவில் இந்த மண். வடக்கே எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால் இதே பாரதம் தெலுங்கில் வீதி நாடகமாக நடக்கிறது. பெங்களூரு நகரத்தின் நடுவில், தர்மராயர் கோயில் கரகத்தில், இதே திரௌபதிதான் தெய்வம். ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். அப்படிப்பட்ட இடத்தில் கூத்து நடத்துகிற வாத்தியார் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்துத்தான், வேடக்காரர்களோடு பேசிச் சிரிக்கவைத்துக் கதையை நகர்த்தும் கட்டியங்காரனைப் பேசவிட முடியும்.

ஆய்வாளர்களின் வெளிச்சம் பெரும்பாலும் கிழக்கே விழுந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தன் பெரிய நூலின் முதல் தொகுதியைச் செஞ்சியை மையமாக வைத்து எழுதினார். புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பெயர் நாடறிந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, 2002இலிருந்து குருகுலமாகவே நடத்திப் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாம் அருமையான வேலைகள். தருமபுரி, கிருஷ்ணகிரி வாத்தியார்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுத்து சேரவில்லை.

சரி, ஒரு பாரத விழாவில் வாத்தியாரின் வேலை எங்கே தொடங்குகிறது? பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை, அதாவது வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதத்தை, பாடிப் பொருள் சொல்வார். மதியம் கதை எதுவரை வந்ததோ அதை ஒட்டித்தான் இரவுக் கூத்து. விழா பத்து நாளா, பதினெட்டு நாளா என்பதை ஊரின் வசதியும் வசூலும் தீர்மானிக்கும். நாள் கணக்கு தெரிந்ததும் கதையைப் பங்கிடுவது வாத்தியார். திரௌபதி கல்யாணம், சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை நீளும். தபசும் கடைசிப் போரும் கோயில் சடங்கோடு பின்னியவை, நகர்த்த முடியாது. மற்றவற்றில் எதை விடுவது, எந்த இரண்டை ஒரே இரவில் சேர்ப்பது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். ராஜசூய யாகத்தை விட்டுவிட்டுச் சூதுக்குப் போனால் துரியோதனனுக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. அப்போது அந்தக் காரணத்தைச் சூதின் முதல் கட்டத்திலேயே ஒரு வசனமாகவோ கட்டியங்காரனின் கேள்வியாகவோ உள்ளே கொண்டுவர வேண்டும். இது பிரதியைத் திருத்தும் வேலை. உட்கார்ந்து எழுதுவதில்லை, வாயால் செய்கிறார், அவ்வளவுதான்.

வாத்தியார் ஆகும் வழி நீளமானது. பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பையன் செட்டோடு, அதாவது கூத்துக் குழுவோடு, கிளம்புவான். அப்பாவோ மாமாவோ வேடம் கட்டுகிறவராக இருப்பார், இல்லையென்றால் ஊருக்கு வந்த கூத்தைப் பார்த்து மயங்கிப் பின்னாலேயே போயிருப்பான். முதல் வேலை திரை பிடிப்பது. வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி ஆடி, பிறகுதான் முகம் காட்டுவார். அந்தத் திரையைப் பிடித்து நிற்கிற பையன் பாட்டையும் அடவையும் கூத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து கற்கிறான். சலங்கை எடுத்துக்கொடுப்பது, அரிதாரம் குழைப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் கூடவே. அப்புறம் தோழி, சேடி என்று சின்னப் பெண் வேடங்கள். குரல் உடையும் வயதில் ஒரு தடை வரும். அந்த இரண்டு மூன்று வருடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். தாண்டியவனுக்கு அபிமன்னன், கிருஷ்ணன், பிறகு கட்டை வேடங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டிய அணிகளைக் கட்டிக்கொண்டு ஆடும் அர்ச்சுனன், கர்ணன், துரியோதனன் போன்ற வேடங்கள் அவை. அவற்றைக் கட்டிக்கொண்டு கிறுக்கி அடிக்க, அதாவது சுழன்று சுழன்று ஆட, உடம்பில் பலம் வேண்டும்.

நல்ல வேடக்காரர் எல்லோரும் வாத்தியார் ஆவதில்லை. என் கணிப்பில் வாத்தியார் பதவிக்கு மிகவும் தயாராக இருப்பவர் கட்டியங்காரன்தான். ராஜாவாக வருகிறவருக்குத் தன் பங்கு தெரிந்தால் போதும். கட்டியங்காரனோ எல்லோரோடும் பேச வேண்டும், எல்லோரையும் கேள்வி கேட்க வேண்டும், யாராவது தடுமாறினால் சிரிப்பை வைத்து மூட வேண்டும். முழுக் கூத்தும் மனதில் இருந்தால்தான் அது முடியும். பலர் சிரிப்பு காட்டும் ஆளாகவே அவரைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு வருத்தம்.

மாவட்டக் கலை மன்றங்கள் வயதை வைத்து ஐந்து விருதுகள் கொடுக்கின்றன. 18 வயதுவரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66க்கு மேல் கலை முதுமணி. இந்த அடுக்கை ஒரு வாத்தியாரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கலாம். இளமணி வயதில் அவர் திரை பிடிக்கிறார். வளர்மணி வயதில்தான் உடம்பு கேட்கும், துரியோதனன் கட்டுகிறார். சுடர்மணி வயதில் சொந்தமாகச் செட்டு கட்டி, கடன் வாங்கிச் சாமான் சேர்க்கிறார். அவருடைய இயக்கம் முதிர்வது நன்மணி, முதுமணி வயதில், கால் ஓய்ந்து அவர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு. விருதுப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் தெருக்கூத்து என்று கலையின் பெயர் மட்டும் இருக்கும். ஆடியவருக்கும் ஆட்டி வைத்தவருக்கும் அங்கே வேறுபாடு இல்லை.

அந்தப் பெஞ்சிலிருந்து அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நகரத்து நாடகத்தில் ஒத்திகை வாரக்கணக்கில் நடக்கும். அரங்கேறும் நாளில் இயக்குநர் பார்வையாளர்களோடு உட்கார்ந்துவிடுவார், இனி அவர் செய்ய ஒன்றுமில்லை. கூத்தில் தலைகீழ். பெரும்பாலும் தனியாக ஒத்திகை கிடையாது. வேடக்காரர்கள் காலையில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை என்று வெவ்வேறு ஊரிலிருந்து வந்து சேர்வார்கள். இயக்கம் முழுவதும் நிகழ்ச்சிக்குள்ளேயே நடந்தாக வேண்டும். வாத்தியாரின் கருவிகள் இரண்டு, குரலும் தாளமும். மத்தளம், முகவீணை, ஆர்மோனியக்காரர்களோடு பின்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் அவர் முதல் விருத்தத்தை எடுக்கும் சுருதியிலேயே அன்றைய இரவு எவ்வளவு உயரத்தில் போகும் என்பது முடிவாகிவிடும். வேடக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தால் விருத்தத்தை இவரே நீட்டி, அவர் ஆடினால் போதும் என்று ஆக்கிவிடுவார். அடி மறந்தால் முதல் சொல்லை எடுத்துக்கொடுப்பார், எதிரே இருப்பவர்களுக்கு அது பின்பாட்டாகவே கேட்கும். கூட்டம் தூங்கினால் தாளத்தைக் கூட்டுவார். யாராவது தேவைக்கு மேல் வசனம் பேசிக்கொண்டே போனால் அடுத்த தருவை, அதாவது ஆட்டத்துக்கான பாட்டை, எடுத்துவிடுவார், மத்தளம் விழும், வேடக்காரர் ஆடத்தான் வேண்டும். வெளிப்படையாக ஒரு வார்த்தை திட்டாமல், மேடையை நிறுத்தாமல், நடிகரைத் திருத்துகிற இந்த வழியைப் பார்த்து நான் வியக்காத இரவு இல்லை.

சில இரவுகளில் அவருடைய பொறுப்பு வேறு மாதிரி. துகில் நடக்கும்போது துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றித் திரௌபதியை வணங்கிவிட்டுத்தான் புடவையில் கை வைப்பார். அம்மனைத் தொடுகிறோம் என்ற பயம் அது. அந்த நேரத்தில் வேடக்காரருக்கோ கூட்டத்தில் இருப்பவருக்கோ அருள் வந்துவிடும். வாத்தியார் உடனே பாட்டை நிறுத்தவேண்டுமா, இல்லை பாட்டாலேயே அவர்களைத் தணிக்கவேண்டுமா என்று கணத்தில் தீர்மானிக்கிறார். தபசு அன்று அர்ச்சுனன் வேடக்காரர் விரதம் இருந்து, நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். அந்த வேடத்துக்கு நல்ல பாட்டுக்காரர் என்பது மட்டும் போதாது. உயரத்தில் தலை சுற்றாதவர், ஊர் நம்புகிறவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினெட்டாம் போர் அன்று இன்னொரு நெருக்கடி. இரவில் தொடங்கும் போர், காலையில் படுகளத் திடலுக்குப் போய்த்தான் முடிய வேண்டும். பீமன் தொடையில் அடிப்பதும், திரௌபதி கூந்தல் முடிப்பதும் ஊர் கூடுகிற நேரத்தில் நடந்தாக வேண்டும். எட்டு மணி நேரக் கூத்தைக் கடிகாரம் பார்க்காமல் பாட்டுகளை வைத்தே அளந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது சாதாரணத் திறமை இல்லை.

1985இல் ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக் பிரான்சில் ஆவின்யோன் அருகே ஒரு கல்குவாரியில் ஒன்பது மணி நேர மகாபாரதத்தை மேடையேற்றினார். பல நாட்டு நடிகர்களோடு நீண்ட காலம் உழைத்து உருவாக்கியது. உலக நாடக வரலாற்றில் அதற்கு இடம் கிடைத்தது, கிடைக்க வேண்டியதும்தான். அதே கதையை அதே அளவு நேரத்துக்கு, ஒரு இரவில் இல்லை, அடுத்தடுத்த பத்துப் பதினைந்து இரவுகளில் நடத்துகிறவர்கள் பர்கூருக்கும் பாலக்கோட்டுக்கும் பக்கத்தில் இருக்கிறார்கள். தமிழ் நவீன நாடகத்தில் இதன் மதிப்பை அழுத்திச் சொன்னவர் நாடகாசிரியர் ந. முத்துசாமி. புரிசைக் கூத்தைப் பார்த்தபின், நாம் தேடும் நடிப்பு இங்கேயே இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். 1977இல் தொடங்கிய தன் குழுவின் பெயரிலேயே கூத்தை வைத்தார், கூத்துப்பட்டறை. அவருக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018இல் மறைந்தார். அவர் வழியாக நகரத்து நடிகர்கள் கூத்தின் அடவையும் குரலையும் கற்றார்கள். வாத்தியாரின் இயக்க முறையை, அந்தப் பெஞ்சின் வேலையை, யாரும் அதே அக்கறையோடு கற்றதாகத் தெரியவில்லை. ஒத்திகை கூடம் இருக்கிறவர்களுக்கு அது தேவைப்படாமல் போயிருக்கலாம்.

பணக் கணக்குக்கு வருவோம். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால் கூத்து உறுதி. வாத்தியார் அதற்கு முன்பே, சீசன் தொடங்கும் முன், நல்ல வேடக்காரர்களுக்கும் மத்தளக்காரருக்கும் தன் கையிலிருந்து முன்பணம் கொடுத்துவைத்திருப்பார். இல்லையென்றால் வேறு செட்டு கொத்திக்கொண்டு போய்விடும். அந்தப் பணம் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியது. இரவுக் கூலியில் பங்கு பிரிக்கும்போது சாமான் பெட்டிக்கு ஒரு பங்கு உண்டு, அது வாத்தியாருக்குச் சேரும். கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். கோயில் விழாவைத் தவிர, இறந்தவரின் காரியத்துக்கு முந்தைய இரவில் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் வட மாவட்டங்களில் உண்டு. விழா இல்லாத மாதங்களில் கையைக் கடிக்காமல் காப்பது அதுதான். மற்ற நாட்களில் மாந்தோப்பு வேலை, கட்டட வேலை, ஓசூர், பெங்களூரு என்று செட்டு சிதறிவிடும். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கொரோனா ஊரடங்கு சரியாகச் சித்திரை, வைகாசியில் வந்து விழுந்தது. முன்பணம் கொடுத்துவிட்டுக் கூத்து நடக்காமல் போனதில் கடைசிச் சுமை வாத்தியார்கள் தலையில்தான் ஏறியது.

சாதியைப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. திரௌபதி அம்மன் கோயில்கள் பெரும்பாலும் வன்னியர்கள் அதிகமாக வாழும் ஊர்களில் இருக்கின்றன. தலித் வாத்தியார்களும் அருமையான செட்டுகளை நடத்துகிறார்கள். எந்த ஊர் யாரை அழைக்கும், அழைத்தவருக்கு எங்கே சோறு போடும் என்பதில் பழைய வழக்கம் இன்னும் தொலையவில்லை. கலை எல்லோரையும் ஒன்றாக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தருமபுரியில் இன்னொரு வகை நாடக இயக்கமும் நடந்தது. பெண் சிசுக்கொலையால் இந்த மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்ட காலம் அது. 1997க்கும் 1999க்கும் இடையில், டென்மார்க் உதவியோடு நடந்த அரசு சுகாதாரத் திட்டத்தின் பகுதியாக, கலைப்பயணக் குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண் குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்று வீதி நாடகம் போட்டன. உள்ளூர் ஆட்களே பயிற்சி எடுத்து நடித்தார்கள். அந்த நாடகங்கள் குட்டையானவை, பகலிலேயே முடிந்துவிடும், ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அவசரமான தேவைக்கு அது சரியான வடிவம், உயிர்களைப் பற்றிய விஷயம் அது. ஆனால் அதற்குப் பிறகு நலத்திட்ட விளம்பரம் என்றாலே கூத்துக்காரர்களுக்கு வேடம் போட்டு அரை மணி நேரம் ஆடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கிரீடத்தோடு வந்து டெங்குக் கொசுவைப் பற்றிப் பேசும்போது வாத்தியாருக்குக் கூலி கிடைக்கிறது, அவருடைய இயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

இப்போது அவருடைய தொழிலை அதிகமாக மாற்றிக்கொண்டிருப்பது நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். விதி நல்ல நோக்கத்தில் வந்தது. ஆனால் அது தடுக்கும் மணிகளும் கூத்தின் மணிகளும் ஒன்றே. நடைமுறையில் ஊரின் செல்வாக்கையும் காவல் நிலையத்தின் மனநிலையையும் பொறுத்து ஒரு ஊரில் விடியும்வரை போகும், பக்கத்து ஊரில் 12 மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்வார்கள். இரவு பத்துக்குக் களரி, அதாவது ஆடும் களம், கட்டும்போது அன்றைக்குத் தன் கையில் எட்டு மணி நேரம் இருக்கிறதா இரண்டு மணி நேரம் இருக்கிறதா என்பது வாத்தியாருக்கே தெரியாது.

அதனால் எதை வெட்டுவது என்பதே இன்றைய இயக்கத்தின் மையக் கேள்வி ஆகிவிட்டது. சண்டையை வெட்ட முடியாது, ஊர் விடாது. கட்டியங்காரன் சிரிப்பை வெட்ட முடியாது, பையன்கள் அதற்குத்தான் வருகிறார்கள், சினிமா பாட்டுக்கு ஆடச் சொல்லிக் கேட்கவும் செய்கிறார்கள். வெட்டுப்படுவது விருத்தங்கள், தர்க்கங்கள். துரியோதனன் சபையில் திரௌபதி கேட்கும் கேள்வியும், தூது வந்த கிருஷ்ணனோடு நடக்கும் வாதமும்தான் கூத்தில் கனமான பகுதிகள். அவை பாதி இரவுக்கு மேல், கூட்டம் அடங்கி உட்கார்ந்த பிறகு வருபவை. நள்ளிரவில் முடியும் கூத்தில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. சில வாத்தியார்கள் போரைச் சுருக்கி வாதத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஊரில் முணுமுணுப்பு வந்தாலும் அப்படிச் செய்கிறவர்களைத்தான் நான் நல்ல இயக்குநர் என்பேன்.

பாட்டுகள் தொலையும் என்று நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பழைய வாத்தியார்களின் கையெழுத்து நோட்டுகள் இருக்கின்றன, இரவு முழுவதும் நடந்த கூத்துகளை இளைஞர்கள் செல்போனில் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள், அதைப் பார்த்தே அடவு பழகும் பையன்களும் உண்டு. அந்தக் கேமரா எப்போதும் வேடக்காரரைப் பார்த்துத்தான் இருக்கிறது. பின்பாட்டுப் பெஞ்சில் எந்த நொடியில் சுருதி ஏறியது, எந்த வசனத்தை மத்தளம் வெட்டியது, ஏன் அந்த இரவில் அந்தத் தரு விடுபட்டது என்பது பதிவாவதில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் அரசு தருகிறது. அவை வயதான வாத்தியாரின் சாப்பாட்டுக்கு. அவருடைய வேலைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். சேலத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையம் ஆண்டுக்கு இரண்டு மூன்று மூத்த வாத்தியார்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடனும் இரண்டு இளைஞர்களைப் பங்குனி முதல் ஆடிவரை ஒரு முழு சீசன் சம்பளத்தோடு அனுப்பலாம். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் பிடித்துக்கொண்டே, விடிந்த பிறகு டீக்கடையில் நேற்று ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கட்டும்.